கணக்கு கேளுங்க: பி.எஸ்.ஐ.க்கும் கிலோவுக்கும் நடுவுல நிக்கிற ஆளு

போன மாசம் இந்தப் பகுதியில "ஒரு அளவ இன்னொரு அளவா மாத்துறதெல்லாம் இப்ப ஒரு வேலையா, போன்ல தட்டுனா வந்துடுது"ன்னு போற போக்குல எழுதிட்டேன். அதே பதில்ல "பி.பி.எம்.மும் (எடையில பத்து லட்சத்துக்கு எத்தன பங்குங்கறது) மில்லிகிராம்/லிட்டரும் ஒண்ணுதான்"னும் எழுதி வச்சிருக்கேன். ரெண்டுக்கும் சேத்து நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். வந்த வாட்ஸ்அப், கடுதாசி எல்லாம் கிட்டத்தட்ட ஒரே விஷயத்துல வந்து நிக்கிறதால இந்த மாசம் வேற கேள்வி எதுவும் எடுக்கல. பிரஷர் கிரேடியன்ட்னு ஒண்ணு (ஒரு அடியோ ஒரு மீட்டரோ தள்ளிப் போனா பிரஷர் எவ்வளவு மாறுதுங்கறது), கன மீட்டருக்கு எத்தன கிலோங்கறது (அதான் அடர்த்தி) இன்னொண்ணு, இந்த ரெண்டோட பஞ்சாயத்துதான் முழுக்க.

கேள்வி: வணக்கம் சார், எங்களுக்கு பாலக்கோடு பக்கம். நான் இப்ப காவிரிப் படுகையில ஒரு எண்ணெய்க் கெணறு ரிக்குல மட் (தோண்டும்போது கெணத்துக்குள்ள விடற சேத்துக் கலவ) செக்‌ஷன்ல ட்ரெய்னியா இருக்கேன். மட் வெயிட் 10ன்னு (கேலனுக்கு 10 பவுண்டு) சொன்னா எங்க சீனியர் அடுத்த நொடி அடிக்கு 0.52 பி.எஸ்.ஐ.ங்கறாரு. 0.052ஆல பெருக்கணுமாம், ஏன்னு கேட்டா "பெருக்குடா"ங்கறாரு. போன் கன்வர்ட்டர்லயும் ஒரு பக்கம் பி.எஸ்.ஐ/அடி போட்டா மறுபக்கம் கிலோ/கன மீட்டர்னு வருது. பிரஷர் எப்படி சார் எடையா மாறும்? பிளஸ் ஒன்ல பரிமாணம் படிச்சமே, ரெண்டும் வேற வேற இல்லையா?

பதில்: வேற வேறதான் தம்பி. பிளஸ் ஒன்ல படிச்சத மறக்காம இருக்க பாரு, அதுக்கே உனக்கு ஒரு டீ வாங்கித் தரணும். கன்வர்ட்டர் பொய் சொல்லல, ஆனா நடுவுல ஒரு ஆள ஒளிச்சு வச்சிருக்கு. அந்த ஆளு பூமியோட இழுப்பு, அதான் நாம ஜின்னு எழுதுற 9.8.

மொதல்ல உன் சீனியரோட 0.052 எங்கருந்து வருதுன்னு பாத்துடலாம், இது ஒரு பேப்பர்ல போட்டாலே முடிஞ்சுடும். ஆசாரி ஓடு மாட்ட அடிப்பாரே ரீப்பர் கட்டை, அதுல ஒரு இஞ்சு அகலம் ஒரு இஞ்சு கனத்துல ஒரு அடி நீளத்துக்கு ஒரு துண்டு அறுத்துக்க. அத நட்டுக்குத்தலா நிறுத்தி, அது மரமா இல்லாம பூரா மட்டுன்னு நெனச்சுக்க. அதோட கன அளவு 12 கன இஞ்சு. அமெரிக்கா கேலன் ஒண்ணு 231 கன இஞ்சு, இது சட்டத்துல வச்ச கணக்கு, கூட கொறைய வராது. அப்ப நம்ம துண்டு ஒரு கேலன்ல 12/231 பங்கு, வகுத்துப் பாத்தா 0.0519. கேலனுக்கு 10 பவுண்டு எடையுள்ள மட்டுன்னா இந்தத் துண்டோட எடை 0.519 பவுண்டு. அது அப்படியே அடியில இருக்க ஒரு சதுர இஞ்சு மேல ஒக்காந்திருக்கு. ஒரு சதுர இஞ்சு மேல எத்தன பவுண்டுங்கறதுதான பி.எஸ்.ஐ.? ஒரு அடிக்கு 0.519 பி.எஸ்.ஐ., ரிக்குல அத 0.52னு சொல்லிக்குவாங்க. அவ்வளவுதான், மந்திரம் ஒண்ணும் இல்ல. (12/231ன்னு சீனியர்கிட்ட போய்ச் சொல்லிப் பாரு, அவருக்கும் இது தெரியாம இருக்க நெறய சான்ஸ் இருக்கு, பதமா சொல்லு.)

இப்ப கவனி, இதுல 9.8 எங்கயும் வரவே இல்ல. ஏன் வரல? கேலனுக்கு 10 பவுண்டுங்கற எடத்துல பவுண்டுன்னா பொருளோட நிறை. சதுர இஞ்சுக்கு இத்தன பவுண்டுங்கற எடத்துல பவுண்டுன்னா அழுத்துற விசை. ரெண்டுக்கும் ஒரே பேரு வச்சிட்டதால நிறைய விசையா மாத்துற வேலை பேருக்குள்ளயே முடிஞ்சுடுது. அமெரிக்காக்காரன் மட்டுமா, நாமளும் அதத்தான் செய்றோம், பஞ்சர் கடையில "ரெண்டு கிலோ காத்து அடிங்க"ன்னு சொல்றோமே, அந்தக் கிலோ நிறையே இல்ல, சதுர சென்டிமீட்டர் மேல ஒரு கிலோ கல்லத் தூக்கி வச்சா எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு விசை.

மெட்ரிக்ல எழுதுனா அந்த ஆளு வெளிய வந்துடுவாரு. 10 பவுண்டு/கேலன்னா கன மீட்டருக்கு 1198 கிலோ. அத 9.80665ஆல பெருக்கு, ஒரு மீட்டருக்கு சுமார் 11,750 பாஸ்கல், அதாவது 11.75 கிலோபாஸ்கல் வரும். திருப்பி கிலோ/கன மீட்டருக்குப் போகணும்னா அதே எண்ணால வகுக்கணும். கன்வர்ட்டருக்குள்ள நடக்கறது இந்த வகுத்தல்தான், வெளிய சொல்றதில்ல. 9.80665ங்கறது 1901ல சர்வதேச அளவை மாநாட்டுல எல்லாரும் ஒத்துக்கிட்டு வச்ச எண்ணு. நம்ம பக்கம் நெஜமான ஜி 9.78 சொச்சம்தான், பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்கோம் இல்லையா. கால் சதவீத வித்தியாசம், ரிக்குல யாரும் அதுக்குத் தூக்கம் கெட மாட்டாங்க. ஆனா அதே மட்ட நிலாவுக்குக் கொண்டு போனா கன மீட்டருக்கு அதே 1198 கிலோதான் இருக்கும், பிரஷர் மட்டும் அடிக்கு 0.52லருந்து 0.086 பி.எஸ்.ஐ.க்கு எறங்கிடும். கன்வர்ட்டர் அங்கயும் 0.52ன்னே சொல்லும்.

உன் கையில இருக்க மட் பேலன்ஸையே எடுத்துப் பாரேன், ஒரு பக்கம் கப்பு, மறுபக்கம் நகர்ற குதிரை, நடுவுல கத்தி முனை. அந்தத் தண்டுல நாலு அளவு செதுக்கியிருக்கும்: பவுண்டு/கேலன், பவுண்டு/கன அடி, ஒப்படர்த்தி (தண்ணிய விட எத்தன மடங்கு கனம்), அப்பறம் ஆயிரம் அடிக்கு எத்தன பி.எஸ்.ஐ. மொத மூணும் அடர்த்தி, நாலாவது பிரஷர். நாலும் ஒரே தண்டுல ஒரே கோட்டுல நின்னா பாக்கறவன் எல்லாம் ஒரே சாதின்னுதான நெனப்பான். தண்ணி ஊத்திப் பாத்தா 8.33லயும் 433லயும் வந்து நிக்கணும், நிக்கலன்னா கப்பு மூடியில மட் காஞ்சு ஒட்டியிருக்கும், மொதல்ல அதக் கழுவு.

இன்னொண்ணு, இதுல அசந்தா ஆபத்து. கேலன் ரெண்டு இருக்கு. பழைய இங்கிலீஷ்காரன் கேலன் 277.4 கன இஞ்சு, அதுல நல்ல தண்ணிய அளந்தா சரியா 10 பவுண்டு எடை. அப்ப "10 பவுண்டு/கேலன்"னு ஒருத்தன் சொன்னா அமெரிக்கக் கேலன்ல அது தண்ணிய விட 1.2 மடங்கு கனமான மட்டு, இங்கிலீஷ் கேலன்ல அது வெறும் பச்சத் தண்ணி! பத்தாயிரம் அடியில மொதல்து 5,190 பி.எஸ்.ஐ. சொச்சம், ரெண்டாவது 4,330. எடையில தண்ணிக்கு நாலு மடங்குக்கு மேல இருக்க பேரைட்ட (நம்ம கடப்பா பக்கம் மங்கம்பேட்டையில வெட்டி எடுக்கறாங்களே அதான்) மூட்ட மூட்டயாக் கலந்து இந்த எண்ண ஏத்தறது எதுக்கு? கீழ பாறையில இருக்க தண்ணியோ கேஸோ அடிக்கு 0.433லருந்து 0.465 பி.எஸ்.ஐ. வரைக்கும் சாதாரணமாவே தள்ளிக்கிட்டு நிக்கும், அதுக்குக் கொறஞ்சா அது உள்ள வந்துடும், ஓவரா ஏத்துனா பாறை விரிஞ்சு மட் போயிடும். அந்தச் சந்துக்குள்ள ஓடுறதுதான் உன் வேலை. அதனால கேலனுக்கு முன்னாடி எந்த ஊரு கேலன்னு ஒரு தடவ கேட்டுக்க.

கேள்வி: உங்க போன மாசப் பதிலப் படிச்சேன் ஐயா, பி.பி.எம்.மும் மில்லிகிராம்/லிட்டரும் ஒண்ணுன்னு எழுதினது தப்பு. நான் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாம்பழக் கூழ் பேக்டரியில டேங்க் பாத்துக்கறேன். எங்க கூழுக்கு அது பொருந்தாது. அது கெடக்கட்டும், என் பிரச்சன வேற. டேங்க் அடியில லெவல் மீட்டர் மாட்டியிருக்காங்க, அது 4.24 மீட்டர் காட்டுது. நான் மேலருந்து அளவுகோல் விட்டா 4 மீட்டர்தான் இருக்கு. "24 சென்டிமீட்டர் கூழு எங்கய்யா போச்சு"ன்னு ஸ்டாக் எடுக்க வந்தவரு என்ன ஒரு மாதிரி பாக்கறாரு.

பதில்: தப்பு என்னுதுதான் ஐயா, ஒத்துக்கறேன். ஒரு லிட்டர் ஒரு கிலோவா இருந்தா மட்டும்தான் பி.பி.எம்.மும் மில்லிகிராம்/லிட்டரும் ஒண்ணு. குடிக்கிற தண்ணிக்கு ஓடும், கூழுக்கு ஓடாது. உங்க பிரிக்ஸ் மீட்டர் 15 காட்டுதுன்னா 100 கிராம் கூழுல 15 கிராம் சர்க்கர மாதிரிக் கரஞ்சது இருக்குன்னு அர்த்தம், ஒரு லிட்டர்ல 150 கிராம்னு அர்த்தமில்ல. 15 பிரிக்ஸுல லிட்டர் ஏறக்கொறைய 1.06 கிலோ இருக்கும், அப்ப லிட்டருக்கு 159 கிராம். ஒம்போது கிராம் சும்மா கெடச்ச மாதிரி இருக்கும், டன் கணக்குல ஏத்தும்போது அது சும்மா இல்லைன்னு உங்களுக்கே தெரியும்.

உங்க 24 சென்டிமீட்டர யாரும் திங்கல. அந்த 1.06தான் அது. 4.24ஐ 1.06ஆல வகுங்க, சரியா 4 வருதா? அடியில இருக்க மீட்டருக்கு கண்ணு கெடையாது, கூழு எவ்வளவு ஒசரம்னு அது பாக்கறதில்ல, தலமேல எவ்வளவு அழுத்துதுன்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும். மாட்டுனவங்க தண்ணிக்குன்னு செட் பண்ணிட்டுப் போயிட்டாங்க, 9.81 கிலோபாஸ்கல் அழுத்துனா ஒரு மீட்டர் ஒசரம்னு அது நெனச்சுக்கிட்டு இருக்கு. கூழு ஒரு மீட்டர் ஒசரத்துக்கு 10.4 கிலோபாஸ்கல் குடுக்குது, அதனால ஒசரத்த ஏத்திச் சொல்லுது.

வேடிக்க என்னன்னா இதையே திருப்பிப் போட்டா உங்களுக்கு ஒரு ஓசி அடர்த்தி மீட்டர் கெடைக்கும். டேங்க் சுவத்துல சரியா ஒரு மீட்டர் வித்தியாசத்துல மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு பிரஷர் பாயின்ட் இருந்தா, கீழ இருக்கறதுல மேல இருக்கறதக் கழிங்க. 10.4 கிலோபாஸ்கல் வந்தா அத 102ஆல பெருக்குங்க, 1060, அதான் கன மீட்டருக்கு இத்தன கிலோ. (ஆயிரத்த 9.80665ஆல வகுத்தா 101.97, அத 102ன்னு வச்சுக்கிட்டேன்.) கூழு அசையாம நிக்கும்போது பாருங்க, அஜிடேட்டர் (கூழக் கலக்குற விசிறி) சுத்தும்போது பாக்காதீங்க, கூழுக்குள்ள காத்து குமிழு மாட்டியிருந்தா எண்ணு கொறஞ்சு காட்டும், சூடா இருந்தாலும் கொறையும். ஸ்டாக் எடுக்க வந்தவருகிட்ட இந்தப் பக்கத்தக் கிழிச்சுக் குடுங்க. அவரு கிலோவுல கணக்கு வச்சிருந்தா ஒரு சண்டையும் இல்ல, லிட்டர்ல வச்சிருந்தாதான் இந்தத் தலவலி.

கேள்வி: அரூர். 750 அடி போர். மோட்டார் 700 அடியில. மழ காலத்துல தண்ணி 400 அடியில நிக்கும், ஒரு பிரச்சனையும் இல்ல. ஏப்ரல், மே வந்தா 650க்குப் போயிடுது, அப்பதான் அடி பைப்பு ஒடையுது, ரெண்டு வருஷமா இதே கத. பைப்புல 15 கிலோன்னு போட்டிருக்கு. மெக்கானிக் "உங்க தண்ணி உப்புங்க, டி.டி.எஸ். ரெண்டாயிரம், கனமான தண்ணி, அதான் ஒடைக்குது"ங்கறாரு. சரியா?

பதில்: உப்பு மேல பழி போடறது ஈசி அண்ணே. டி.டி.எஸ். 2000ன்னா கரஞ்ச உப்பு லிட்டருக்கு 2 கிராம், ஆயிரம் லிட்டருக்கு 2 கிலோ. கன மீட்டர் தண்ணியே ஆயிரம் கிலோ, அதுல ரெண்டு கிலோ கூடுனா என்ன ஆகப் போகுது? உண்மையில ரெண்டு கூட ஏறாது, உப்பு போற எடத்துல கொஞ்சம் தண்ணி வெளிய போயிடும் இல்லையா, கடல் தண்ணியில லிட்டருக்கு 36 கிராம் உப்பு இருந்தும் கன மீட்டர் 1025 கிலோகிட்டதான் நிக்குது, 1036 ஆகறதில்ல. நாம தாராளமா முழு ரெண்டு கிலோவையும் சேத்தே பாத்தாலும் உங்க 650 அடிக்கு வர்ற 281 பி.எஸ்.ஐ.யில அரை பி.எஸ்.ஐ. சொச்சம்தான் கூடும். அரை பி.எஸ்.ஐ.க்கு எந்தப் பைப்பும் ஒடையாது.

நெஜக் காரணம் உங்க கடுதாசியிலயே இருக்கு, நீங்களே எழுதியிருக்கீங்க, தண்ணி எறங்குனா ஒடையுதுன்னு. பைப்புக்கு உள்ள இருக்க தண்ணி 700 அடி ஒசரத்துக்கு நிக்குது, அது எப்பவும் மாறாது, அடியில 303 பி.எஸ்.ஐ. ஆனா பைப்புக்கு வெளியவும் தண்ணி இருக்கே, அது வெளியருந்து அமுக்கி பைப்பத் தாங்கிப் புடிக்குது. மழ காலத்துல 400 அடியில தண்ணி நிக்கும்போது மோட்டாருக்கு மேல வெளிய 300 அடித் தண்ணி. உள்ள 700, வெளிய 300, கழிச்சா 400 அடி. அடிக் கணக்க 32.8ஆல வகுத்தா கிலோ பிரஷர் வந்துடும், 10 மீட்டர் தண்ணிக்கு ஒரு கிலோ, 10 மீட்டர்னா 32.8 அடி. 400/32.8 போட்டா 12.2 கிலோ. பைப்பு 15 கிலோ தாங்கும், ஆக பிரச்சன இல்ல. கோடையில வெளித் தண்ணி 50 அடிதான். உள்ள 700, வெளிய 50, மிச்சம் 650, 19.8 கிலோ. 15 கிலோ பைப்புல 19.8 கிலோ! இதுக்கு மேல ஓட்டத்துல வர்ற உரசல், மோட்டார் நிக்கும்போது வர்ற திடீர் அடி, மேல்நிலைத் தொட்டிக்கு ஏத்துனா அந்த ஒசரம் எல்லாம் தனி. ஒடையாம இருந்தாதான் எனக்கு ஆச்சரியம்.

பூராப் பைப்பையும் மாத்தணும்னு இல்ல. மேல இருக்க பைப்புக்குப் பளு கொறைவு, 300 அடி ஆழத்துல இருக்கறதுக்கு 300 அடிப் பளுதான், 9 கிலோ சொச்சம். 400 அடிக்குக் கீழ இருக்கறத மட்டும் 25 கிலோவுக்குக் கொறையாததா போடுங்க. கடையில "தடிமன் நல்லாருக்கும்ணா"ம்பாங்க, தடிமனக் கேக்காதீங்க, அதுல அச்சடிச்ச கிலோ எவ்வளவுன்னு கேளுங்க.

மோட்டார் கடைக்காரங்க ஒரு பி.எஸ்.ஐ.க்கு 2.31 அடின்னு வாய்ப்பாடா சொல்வாங்க கேட்டிருப்பீங்க. மேல பாலக்கோட்டுத் தம்பி தட்டுன அதே கன்வர்ட்டர்ல ஒரு பி.எஸ்.ஐ/அடின்னு போட்டா 2306.66 கிலோ/கன மீட்டர்னு வரும். ரெண்டும் ஒரே எண்ணுதான், புள்ளி தள்ளி நிக்குது. ஒரு அடியிலயே ஒரு பி.எஸ்.ஐ. குடுக்கணும்னா அந்தச் சாமான் தண்ணிய விட 2.31 மடங்கு கனமா இருக்கணும். நம்ம கிருஷ்ணகிரி கிரானைட்டு அதையும் தாண்டி 2.65, 2.7 வரும். இத்தன வருஷம் லேப்ல இருந்தும் எனக்கே இது லேட்டாத்தான் பளிச்சுன்னு ஆச்சு.

கேள்வி: ராயக்கோட்டை, தக்காளித் தோட்டம், சொட்டு நீர். லேட்டரல் பைப்பு (செடி வரிசையில போற சொட்டுப் பைப்பு) 100 மீட்டர். தலப்புல 1.5 கிலோ, கடைசியில 1 கிலோ காட்டுது. என் பையன் அத ஏதோ ஆப்புல போட்டு "அப்பா, நம்ம தண்ணி கன மீட்டருக்கு 50 கிலோதான்"ங்கறான். பஞ்சு மூட்டையா அது?

பதில்: சிரிச்சு முடிக்க எனக்கு அஞ்சு நிமிஷம் ஆச்சு. பையன் கணக்குல தப்பில்ல. 100 மீட்டர்ல அரைக் கிலோ கொறஞ்சா மீட்டருக்கு 0.005, அத ஆப்பு பத்தாயிரத்தால பெருக்கி 50ன்னு குடுத்துடுச்சு. தப்பு எங்கன்னா, தரையில படுத்துக் கெடக்குற பைப்புல பிரஷர் எறங்கறது தண்ணியோட எடையால இல்ல, பைப்பு உரசலால. நட்டுக்குத்தலா, அசையாம நிக்கிற தண்ணியோ எண்ணெயோ கூழோ, அதுக்கு மட்டும்தான் இந்த ஜி-ஆல வகுக்கற வேலை செல்லும். டி.வி.யில புயலுக்கு முன்னாடி மேப்புல கோடு கோடாப் போட்டு பிரஷர் கிரேடியன்ட்னு சொல்றாங்களே, அதுவும் படுக்கையா போறது, அதையும் ஆப்புல போட்டுடாதீங்க, காத்துக்கு எடையே இல்லைன்னு வந்து நிக்கும். ஆப்புக்கு பைப்பு நிக்குதா படுத்திருக்கான்னு எப்படித் தெரியும்?

அது சரி, தலப்புக்கும் கடைக்கும் அரைக் கிலோ வித்தியாசம் ஜாஸ்தி. கடைசிச் செடிக்குத் தண்ணி கொறையும். ஃபில்டரக் கழுவிட்டு, லேட்டரல் முனைய அவுத்துவிட்டு ஒரு தடவ ஃபிளஷ் பண்ணிப் பாருங்க, அப்பவும் இருந்தா 100 மீட்டர ரெண்டா பிரிச்சு நடுவுலருந்து தண்ணி விடுங்க.

கேள்வி: நான் எட்டாவது படிக்கிறேன். கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. டேம்ல 52 அடி தண்ணி நின்னா அடியில எவ்வளவு பிரஷர் இருக்கும்? டேம் ரொம்ப பெருசு, அதனால ரொம்ப ஜாஸ்தியா இருக்கும்னு என் ஃப்ரெண்டு சொல்றான்.

பதில்: 52ஐ 0.433ஆல பெருக்கு கண்ணு. 22.5 பி.எஸ்.ஐ. உங்க வீட்டுல கார் இருந்தா அதோட டயர்ல 30க்குக் கிட்ட இருக்கும், அத விடக் கொறைவு! அணை எத்தன கிலோமீட்டர் நீளம், தண்ணி எவ்வளவு தூரம் பரவி நிக்குதுங்கறது இந்தக் கணக்குல வரவே வராது, ஒசரம் மட்டும்தான். 120 அடி மேட்டூருக்கே 52 பி.எஸ்.ஐ.தான். மேல அரூர்க்காரரோட அர அடி அகல போருக்குள்ள எறக்குன பைப்புல அடியில அத விட அஞ்சாறு மடங்கு இருக்கு பாத்தியா. ஆனா உன் ஃப்ரெண்டு முழுசா தப்பில்ல, பிரஷர் கொறைவா இருந்தாலும் அது அவ்வளவு பெரிய சுவரு பூரா அமுக்குது, மொத்தத் தள்ளு பயங்கரமா இருக்கும், அதுக்குத்தான் அணைக்கு அடிப்பக்கம் அவ்வளவு அகலம்.

கேள்வி: நல்லம்பள்ளி பக்கம் கிராமம். எங்க தெரு போர் தண்ணிய டெஸ்ட்டுக்குக் குடுத்தோம், ஃப்ளோரைடு 2.1 மில்லிகிராம்/லிட்டர்னு வந்திருக்கு. ஆனா வீட்டுல டி.டி.எஸ். மீட்டர் வச்சா 600தான் காட்டுது, விக்கிறவரு "ஆயிரத்துக்குள்ள இருந்தா ஒண்ணும் இல்லம்மா"ங்கறாரு. ரெண்டும் ஒரே யூனிட்டுதான? 600ல 2.1 என்ன பெருசு? காய்ச்சிக் குடிச்சா போயிடுமா?

பதில்: அம்மா, இதுக்குத்தான் மத்த எல்லாத்தையும் விட அவசரமா பதில் சொல்லியிருக்கணும், பக்கம் போட்டவங்க கடைசியில வச்சிட்டாங்க. யூனிட்டு ஒண்ணுதான், விஷயம் ஒண்ணு இல்ல. 600ங்கறது தண்ணியில கரஞ்ச உப்பு சப்பு எல்லாம் சேத்து, அதுவும் அந்தக் குச்சி மீட்டர் எடை போட்டுப் பாக்கறதில்ல, தண்ணியில கரண்டு எவ்வளவு ஈசியா பாயுதுன்னு பாத்து ஒரு குத்துமதிப்பு எண்ணு சொல்லுது. அதுக்கு ஃப்ளோரைடு எது சோத்து உப்பு எதுன்னு தெரியாது. 2.1ங்கறது ஃப்ளோரைடு மட்டும். கன மீட்டருக்கு 0.0021 கிலோ, உங்க மாடியில இருக்க ஆயிரம் லிட்டர் டேங்க்குல மொத்தமே ரெண்டு கிராம் சொச்சம், ஒரு சிட்டிக. அந்தச் சிட்டிகதான் நம்ம மாவட்டத்துல பல்லக் கறையாக்கி, வயசானவங்க முட்டியையும் முதுகெலும்பையும் வளச்சு வச்சிருக்கு. இந்தியத் தர அளவு ஃப்ளோரைடுக்கு 1 மில்லிகிராம், வேற தண்ணியே இல்லைன்னா அதிகபட்சம் 1.5. உங்களுது அதையும் தாண்டிடுச்சு. டி.டி.எஸ்.ஸுக்கு 500, வேற வழியில்லன்னா 2000 வரைக்கும்ங்கறது தனி வரி, விக்கிறவரு அந்த வரிய மட்டும் வச்சுப் பேசறாரு.

காய்ச்சுனா போகாது. தண்ணி ஆவியாகிப் போகும், ஃப்ளோரைடு அப்படியே நிக்கும், பத்து லிட்டரு எட்டு லிட்டரானா 2.1ங்கறது 2.6 ஆயிடும். ஆர்.ஓ. மிஷினு கொறைக்கும், ஆக்டிவேட்டட் அலுமினா ஃபில்டரும் கொறைக்கும், ஆனா அதப் பிடிச்சு நெரம்புனதும் புதுப்பிக்கணும், இல்லாட்டி சும்மா வச்ச மாதிரிதான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இந்த ஃப்ளோரைடுக்காகத்தான் கொண்டு வந்தாங்க, 2013லருந்து காவிரித் தண்ணி வருது, உங்க தெருவுக்கு அந்தக் கொழாய் இருந்தா குடிக்கவும் சோறு குழம்பு வைக்கவும் அத மட்டும் பிடிங்க, போர் தண்ணி துணி தொவைக்க, பாத்திரம் கழுவ இருக்கட்டும். சின்னப் புள்ளைங்க இருக்க வீட்டுல இத மொதல்ல பண்ணுங்க, பல்லு உருவாகுற வயசுலதான் கறை விழும்.

அடுத்த தடவ டெஸ்ட்டுக்குக் குடுக்கும்போது கண்ணாடி பாட்டில்ல பிடிக்காதீங்க, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டில அதே தண்ணியில மூணு தடவ அலசிட்டு, மோட்டாரப் போட்டு அஞ்சு பத்து நிமிஷம் ஓடவிட்டு அப்பறம் பிடிங்க. ஏப்ரல்ல ஒண்ணு, மழ முடிஞ்சு ஒண்ணுன்னு ரெண்டு தடவ குடுங்க, தண்ணி எறங்கும்போது எண்ணு மாறும்.